தம்பிக்கு: ஃப்ரிட்ஜ் காட்டும் எண்ணும் அப்பாவின் மருந்தும்

அடிலெய்டு
ஆகஸ்ட், ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். 4 டிகிரிக்கு வைத்த உன் வண்டி ஃப்ரிட்ஜ் பெட்டி காலையில் 1 காட்டுகிறது, மதியம் 8 காட்டுகிறது, ராத்திரி மறுபடியும் 2. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் பெட்டியில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த எண் ஏன் ஆடுகிறது, எந்த ஆட்டத்துக்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். அச்செடுத்து வண்டியிலேயே வைத்துக்கொள். வீட்டிலும் படிக்கக் கொடு.

நீ மட்டும் நண்பர்களோடு உலுருவுக்குப் போவதாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பால் திரிந்தால் கொட்டிவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். இந்த முறை அம்மாவோடு அப்பா வருகிறார். பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பும்போதே மூன்று மாதத்துக்கான இன்சுலினை எடுத்துக்கொண்டுதான் வருகிறார். மெல்போர்னிலிருந்து உலுரு வரை ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். போர்ட் அகஸ்டாவைத் தாண்டிவிட்டால் கூபர் பீடி வரைக்கும் 540 கிலோமீட்டர், நடுவில் பெட்ரோல் போடுகிற ஒன்றிரண்டு இடங்கள்தான். அந்த வழியில் அப்பாவின் மருந்து உறைந்தோ வெந்தோ போனால், அடுத்த ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த எண்ணைப் பற்றி.

டிஸ்ப்ளேயில் தெரிவது பெட்டிக்குள் இருக்கிற பாலின் வெப்பநிலை இல்லை, தயிரின் வெப்பநிலையும் இல்லை. உள்சுவரில் ஓர் இடத்தில் ஒட்டியிருக்கும் சின்ன சென்சார் அந்த இடத்தில் உணர்வதைத்தான் அது காட்டுகிறது. குளிரை உண்டாக்கும் குழாய்கள் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் சுற்றிப் போகின்றன. கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் முதலில் சுவர் குளிர்கிறது, பிறகு அதை ஒட்டிய காற்று, கடைசியாகத்தான் நடுவில் இருக்கும் பொருள். நின்றதும் சுவரும் காற்றும் சட்டென்று ஏறுகின்றன, பொருள் மெதுவாகத்தான் ஏறுகிறது. நீ பார்த்துப் பயந்த 1-ம் 8-ம் பெரும்பாலும் சுவருக்கும் காற்றுக்கும் உரியவை. அந்த நேரம் முழுக்க நடுவில் இருந்த ஜூஸ் பாட்டில் 4-லோ 5-லோ நகராமல் இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. 4 என்று நீ வைத்தால் பெட்டி எப்போதும் 4-லேயே நிற்க முயல்வதில்லை. 4-க்கு வந்ததும், அல்லது அதற்குச் சற்றுக் கீழே போனதும் கம்ப்ரஸர் நின்றுவிடும். பிறகு சில டிகிரி ஏறும்வரை காத்திருந்துதான் மறுபடி ஓடும். இந்த இடைவெளியை வேண்டுமென்றேதான் வைக்கிறார்கள். நின்ற கம்ப்ரஸரின் இரண்டு பக்கத்து அழுத்தமும் சமமாகச் சற்று நேரம் வேண்டும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அது மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும். அரை டிகிரி மாறும்போதெல்லாம் நின்று நின்று ஓடினால் பேட்டரியும் தாங்காது, கம்ப்ரஸரும் தாங்காது. வீட்டுச் சமையலறை ஃப்ரிட்ஜும் இப்படித்தான் ஏறி இறங்குகிறது. முகப்பில் எண் இல்லாததால் நாம் கவனிப்பதில்லை.

உன் நண்பருடைய பழைய ஏங்கல் பெட்டியைச் சொல்லியிருந்தாய், அதில் இந்தத் தொல்லையே இல்லை என்று. அது நல்ல பெட்டிதான், சந்தேகமில்லை. ஜப்பானின் சவாஃபூஜி நிறுவனத்தின் ஸ்விங் மோட்டார் கம்ப்ரஸர் உள்ளது. அசைகிற பாகம் ஒன்றே ஒன்று என்பதால் பல வருஷம் குலுங்கினாலும் தாங்கும். ஆனால் அந்தப் பழைய மாடலில் 1 முதல் 5 வரை போட்ட ஒரு திருகுதான் இருக்கிறது, டிகிரி எதுவும் எழுதியிருக்காது. அதற்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் அங்கேயும் ஏற்ற இறக்கம் இருக்கும். அவர் அதைப் பார்க்காமலேயே இருபது வருஷமாகப் பயணம் போகிறார். அவர் பெட்டியில் போவது இறைச்சியும் பீரும்தான், அதனால் அவருக்குப் பார்க்கத் தேவையும் இல்லை. நமக்குத் தேவை இருக்கிறது.

எங்கள் பார்மசியில் தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜை நான் தினமும் இரண்டு வேளை பார்த்து எழுதுகிறேன். அந்தந்த நேரத்து எண்ணோடு, கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு எவ்வளவு கீழே போனது, எவ்வளவு மேலே போனது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஆஸ்திரேலிய அரசின் தடுப்பூசிச் சேமிப்பு வழிகாட்டியின் பெயரே ‘ஸ்ட்ரைவ் ஃபார் 5’. 2-க்கும் 8-க்கும் நடுவில், 5-ஐக் குறி வைத்து நிறுத்து என்பதுதான் அதன் சாரம். அதில் உனக்குப் பயன்படுகிற ஒரு விதி இருக்கிறது. கதவைத் திறந்து மருந்து அடுக்கும்போது 12 டிகிரி வரை ஏறி, 15 நிமிஷத்துக்குள் இறங்கிவிட்டால் அதை மீறலாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த நேரத்தில் ஏறுவது காற்று, குப்பிக்குள் இருக்கும் மருந்து இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் 2-க்குக் கீழே போனால் இப்படி ஒரு சலுகை கிடையாது. ஒரு நிமிஷமானாலும் மீறல்தான், அதைப் பதிவு செய்து விசாரிக்க வேண்டும்.

அந்த இரண்டு பக்கத்து வித்தியாசம்தான் இந்தக் கடிதத்தில் நீ நினைவில் வைக்க வேண்டியது. கொஞ்ச நேரம் மேலே போவது பெரும்பாலும் சரியாகிவிடும். கீழே போவது சரியாகாது. ஒருமுறை உறைந்த இன்சுலினை மறுபடி உருகவைத்தாலும் பயன்படுத்தக் கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் அதன் வேலை கெட்டிருக்கலாம். நீ 8-ஐப் பார்த்துப் பதறினாய். எனக்கு உன் படத்தில் பயம் தந்தது அந்த 1-தான்.

சுவரில் 1 என்றால், கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும்போது குழாய் போகிற இடம் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது என்று அர்த்தம். உன் பெட்டி மேலே திறக்கிற வகை. சுற்றுச் சுவர் நான்கும் குளிர் தருபவை, குளிர்ந்த காற்று கனமாகி அடியில் தங்கும். ஆகவே சுவரை ஒட்டியும் அடியிலும் வைத்தவை உறையும். கம்ப்ரஸர் இருக்கும் பக்கத்தில் ஒரு படி உயர்ந்து, பால், வெண்ணெய் வைக்கச் சின்னத் தட்டு இருக்கும் பார், அங்கே இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும். மூடியைத் திறந்து மூடினால் முதலில் சூடாவதும் அந்த இடம்தான். ஒரே பெட்டிக்குள் ஒரே நேரத்தில் கீரை உறைந்தும் பால் திரிந்தும் போவது இதனால்தான். பலரும் பெட்டியைக் குறை சொல்வார்கள். பொருளை இடம் மாற்றி வைத்திருந்தால் போதும்.

கிளம்புவதற்கு முன் நீ செய்ய வேண்டிய சோதனை இது. வயர் முனையில் சென்சார் உள்ள தெர்மாமீட்டர், குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக் காட்டுவது, ஒன்று வாங்கு. முப்பது, நாற்பது டாலருக்குள் கிடைக்கும். முதலில் அது சரியானதா என்று பார். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, அது மூழ்கும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முனையை நடுவில் விட்டு ஐந்து நிமிஷம் காத்திரு. 0 காட்ட வேண்டும். அரை டிகிரி இப்படி அப்படி இருந்தால் பரவாயில்லை, ஒரு டிகிரிக்கு மேல் தவறினால் வேறு வாங்கு. பிறகு ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, முனையைத் தண்ணீருக்குள் விட்டு, பாட்டிலைப் பெட்டியின் நடுவில் வை. அந்தத் தண்ணீர்தான் உன் பாலுக்கும் அப்பாவின் குப்பிக்கும் பதிலாள். டிஸ்ப்ளே 1-க்கும் 8-க்கும் ஆடும்போது பாட்டிலுக்குள் 4-க்கும் 5-க்கும் நடுவில் இருந்தால் பெட்டி நன்றாக வேலை செய்கிறது. பாட்டிலும் 8-க்குப் போனால்தான் நிஜமான கோளாறு. அப்போது கடைக்குப் போகலாம்.

காலிப் பெட்டியில் இந்தச் சோதனையைச் செய்யாதே. காலியாக இருக்கும்போது உள்ளே குளிரைப் பிடித்து வைத்திருக்க எதுவும் இல்லை, ஆட்டம் மிக அதிகமாகத் தெரியும். நீ படம் எடுத்த அன்று உள்ளே இரண்டு கோக் டின் மட்டும் இருந்ததைக் கவனித்தேன். பாதிக்கு மேல் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, வீட்டு 240 வோல்ட் மின்சாரத்தில் ஒரு முழு நாள் ஓடவிட்டு, அதற்குப் பிறகு பார். அந்தப் பாட்டில்களையே பயணத்திலும் கூட எடுத்துக்கொள். ஒவ்வொரு பாட்டிலும் பெட்டியின் ஆட்டத்தைக் குறைக்கும், குடிக்கவும் ஆகும்.

வழியில் புதிதாக வாங்கிப் போடும்போதும் இதையே யோசி. போர்ட் அகஸ்டாவில் 30 டிகிரி வெயிலில் இருந்த 10 லிட்டர் தண்ணீரையும் ஜூஸையும் வாங்கி உள்ளே வைத்தாய் என்று வைத்துக்கொள். அதை 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1,050 கிலோஜூல் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். உள்ளிருந்து 60 வாட் வெப்பத்தை இழுக்கக்கூடிய கம்ப்ரஸர் என்றால் நிற்காமல் 5 மணி நேரம் ஓட வேண்டும். அத்தனை நேரமும் எண் மேலேயே நிற்கும். நீ பயந்துபோய் 4-ஐ மைனஸ் 2 என்று மாற்றுவாய். பெட்டி அதனால் வேகமாகக் குளிர்ந்துவிடாது. எப்போது நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் மாறும். ராத்திரி எல்லோரும் தூங்கும்போது அது மைனஸ் 2-க்குப் போய்ச் சேரும், காலையில் மருந்து உறைந்திருக்கும். கடையிலேயே குளிரவைத்ததாகப் பார்த்து வாங்கு. எண்ணை மட்டும் குறைக்காதே. குழந்தைகளும் தொடாதபடி பூட்டு வசதி இருந்தால் போட்டு வை.

இனி மின்சாரம். உன் பெட்டி மதியம் 8-க்குப் போனதற்கு முக்கியமான காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். டிக்கியில் உள்ள சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகியிருப்பதாகச் சொன்னாய். பல வண்டிகளில் அந்தச் சாக்கெட் சாவியை அணைத்ததும் செத்துவிடும். நீ அலுவலகத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே போன மணிநேரமெல்லாம் பெட்டி ஓடவே இல்லையோ என்னவோ. உலுருவில் இது பெரிய விஷயம். பாறையைச் சுற்றி வரும் பாதை 10 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம், மூன்றரை மணி நேரமாவது ஆகும். நீங்கள் நடந்து திரும்பும்வரை வண்டி வெயிலில் மூடிக் கிடக்கும். அக்டோபர் தொடக்கத்திலேயே அங்கே பகல் 30-ஐத் தாண்டும், மூடிய வண்டிக்குள் அதைவிடப் பல டிகிரி கூடும். குளிர் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் பெட்டி அணைந்து கிடக்கும்.

சாக்கெட் சாவியோடு அணையாத வகையாக இருந்தால் வேறொரு சிக்கல். வண்டியைக் கிளப்பும் பேட்டரி தீர்ந்துபோய் நடுவழியில் நிற்கக் கூடாது என்பதற்காகப் பெட்டியில் ஒரு பாதுகாப்பு வைத்திருப்பார்கள், மின்னழுத்தம் குறைந்தால் தானே அணைந்துவிடும். மூன்று நிலை இருக்கும். பல பெட்டிகளில் அது ஏறக்குறைய 10.1, 11.4, 11.8 வோல்ட். கடைசி நிலையில் வைத்தால் வண்டி பத்திரம், ஃப்ரிட்ஜ் சீக்கிரம் நின்றுவிடும். முதல் நிலையில் வைத்தால் ஃப்ரிட்ஜ் ஓடும், வண்டி கிளம்பாது. பெட்டிக்கென்று தனி பேட்டரி இருந்தால்தான் முதல் நிலையைப் பயன்படுத்தலாம்.

மெல்லிய வயர் இதைக் கெடுக்கும். அந்தப் பாதுகாப்பு பேட்டரியின் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, வயர் வழியாக வந்து சேர்ந்த அழுத்தத்தைத்தான் பார்க்கிறது. முன்னால் உள்ள பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர், போய்த் திரும்ப 10 மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 6 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.4 வோல்ட் போய்விடும். சாக்கெட்டின் தளர்ந்த தொடுமுனையில் இன்னும் கொஞ்சம் போகும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அழுத்தம் சட்டென்று சரிய, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டி அணையும். அணைந்ததும் இழுப்பு இல்லாததால் அழுத்தம் ஏறும், மறுபடி கிளம்பும், மறுபடி அணையும். விளக்கு எரிகிறது, எண் தெரிகிறது, குளிர் மட்டும் வராது. இப்படி ஒரு பெட்டியை இரண்டு முறை பழுதுக்குக் கொடுத்து, கடைசியில் வயரை மாற்றியதும் சரியானதைப் பார்த்திருக்கிறேன்.

கடையில் வயர் வாங்கும்போது ஏமாறாதே. இங்கே வண்டி உதிரிபாகக் கடையில் 6 மில்லிமீட்டர் என்று விற்பது மேலுறையோடு சேர்ந்த விட்டம். உள்ளே செம்பு 4.6 சதுர மில்லிமீட்டர்தான் இருக்கும். நீ கேட்க வேண்டியது 6 பி அண்ட் எஸ், செம்பு 13.5 சதுர மில்லிமீட்டர். மேலே சொன்ன அதே தூரத்துக்கு, அதே ஆம்பியருக்கு அதில் 0.1 வோல்ட்கூடக் குறையாது. பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ், டிக்கி முனையில் சிகரெட் சாக்கெட்டுக்குப் பதில் ஆண்டர்சன் பிளக். வண்டி எலக்ட்ரீஷியன் அரை நாளில் முடித்துவிடுவார். கிங்ஸ் கேன்யனிலிருந்து மெரீனி வழியாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாயே, அந்த மண் பாதையின் அலை அலையான மேடுபள்ளத்தில் சிகரெட் சாக்கெட் பிளக் குலுங்கிக் குலுங்கி வெளியே வந்துவிடும். நீ முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருப்பாய், டிக்கியில் பெட்டி அணைந்தது தெரியாது. ஆண்டர்சன் பிளக் கழலாது.

தனி பேட்டரிக்குப் பெரிய செலவு வேண்டாம். நீ எடுப்பது 45 லிட்டர் பெட்டி, ஓடும்போது 4 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். நடைக்குப் போகிற நான்கு மணி நேரமும் நிற்காமல் ஓடினாலும் 25 ஆம்பியர்-மணிக்குள் முடிந்துவிடும். கைப்பிடி வைத்த ஒரு சின்ன லித்தியம் பேட்டரிப் பெட்டி அதற்குத் தாராளம். வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஆகும்படி எலக்ட்ரீஷியனிடமே சொல்லிவிடு. ராத்திரிக்கு மின்சாரம் உள்ள இடமாகப் பதிவு செய். உலுருவுக்குப் பக்கத்திலுள்ள யூலாரா காம்ப்கிரவுண்டில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு, கூபர் பீடியிலும் உண்டு. அப்பா அம்மாவோடு போகும்போது காட்டு வெளியில் கூடாரம் போடும் ஆசையைத் தள்ளி வை.

பெட்டியை வைக்கும் இடத்தையும் பார். உள்ளிருந்து இழுத்த வெப்பத்தை அது பக்கவாட்டுக் காற்றுத் துளைகள் வழியாக வெளியே ஊத வேண்டும். நீ அனுப்பிய படத்தில் அந்தப் பக்கத்தில் தூங்கும் பைகளை நெருக்கி அடைத்திருக்கிறாய். ஐந்து சென்டிமீட்டராவது இடம் விடு. இல்லாவிட்டால் தான் ஊதிய சூட்டையே மறுபடி இழுத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்காமல் ஓடும், உள்ளே எண் இறங்காது. பெட்டிக்கென்று தைத்த உறை கிடைக்கும், வெயிலுக்கு நல்லது, காற்று வழியை மூடாததாகப் பார்த்து வாங்கு. மண் பாதையில் போய் வந்தால் அந்தத் துளைகளில் படிந்த தூசியைத் தூரிகையால் தட்டு.

சாப்பாடு விஷயம் அம்மாவுக்குத்தான் சொல்ல வேண்டும். இட்லி மாவு எடுத்துப் போகாமல் அம்மா கிளம்ப மாட்டாள். மாவைப் பாதி டப்பா மட்டும் நிரப்பி அடியில் வைக்கச் சொல். பால் தட்டுப் பக்கம் வைத்தால் இரண்டாம் நாளே புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். இறைச்சியை வீட்டிலேயே உறையவைத்து அடியில் வை, அதுவே முதல் இரண்டு நாள் பெட்டிக்குக் குளிர் தரும். சமைத்த சோறு, குழம்பு, பால், இறைச்சி எல்லாம் 5 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும் என்பது இந்த ஊர் விதி. 5-க்கு மேல் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மறுபடி குளிரில் வைக்கலாம். இரண்டிலிருந்து நான்கு என்றால் அப்போதே சாப்பிட்டுவிட வேண்டும். நான்கைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். நேற்றைய குழம்பைக் கொட்ட அம்மாவுக்கு மனசு வராது. வழியில் வயிற்றுப்போக்கு வந்தால் சர்க்கரை உள்ள அப்பாவைச் சமாளிப்பது கஷ்டம் என்று எடுத்துச் சொல், கேட்பாள்.

பழம், தக்காளி, மிளகாய் எதையும் மெல்போர்னிலிருந்து எடுத்து வராதே. பழ ஈ காரணமாக எங்கள் மாநிலத்துக்குள் அனுமதி இல்லை, அபராதம் போடுவார்கள். அடிலெய்டில் நான் வாங்கிக் கழுவிக் குளிரவைத்துத் தருகிறேன்.

இப்போது அப்பாவின் மருந்து. அடுத்த ஊரில் வாங்கிக்கொள்ள முடியாது என்று சொன்னேன் அல்லவா? அப்பா பயன்படுத்துவது நம் ஊர்க் குப்பி, ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சும் 40 அளவுதான், சிவப்பு மூடி. ஆஸ்திரேலியாவில் வழக்கமாகக் கிடைப்பது ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். அப்பாவின் மருந்து கெட்டுப்போய், யூலாரா கிளினிக்கிலோ வேறெங்கோ இந்த ஊர் இன்சுலினை வாங்கி, பழக்கத்தில் தன் சிரிஞ்சிலேயே அதே கோடு வரை ஏற்றிக்கொண்டால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. சர்க்கரை விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் காரணத்துக்காக இந்த ஊர் இன்சுலின் வாங்க நேர்ந்தாலும் இந்த ஊர் சிரிஞ்சையும் சேர்த்தே வாங்கி, மருத்துவரோ பார்மசிஸ்டோ அளவைக் காட்டித் தந்த பிறகுதான் போட வேண்டும். இதை அப்பாவிடம் நீயும் சொல், நானும் சொல்கிறேன்.

மூன்று மாத மருந்தையும் பயணத்துக்கு எடுத்துப் போக வேண்டாம். அடிலெய்டு வந்ததும் பயணத்துக்கு வேண்டியதையும், அதற்கு மேல் இரண்டு குப்பியையும் மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு மீதியை என் வீட்டில் வைத்துவிடு. திறக்காத குப்பிகளை ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், சின்னத் துண்டில் சுற்றி, பெட்டியின் நடுவில், தண்ணீர் பாட்டில்களுக்கு இடையில் வை. சுவரில் படக் கூடாது. அடியில் உறைந்த இறைச்சிக்குப் பக்கத்தில் கூடாது. ஐஸ் பேக்கோடு சேர்த்து வைக்கவே கூடாது. தெர்மாமீட்டரின் பாட்டிலையும் அந்த டப்பாவை ஒட்டியே வை. காலையும் மாலையும் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் பார்த்து ஒரு நோட்டில் எழுது, எழுதியதும் மீட்டரில் உள்ள பழைய பதிவை அழித்துவிடு. 3-க்கும் 8-க்கும் நடுவில் இருந்தால் பேசாமல் இரு. குறைந்தபட்சம் 3-ஐத் தொட்டால் பெட்டியை ஒரு டிகிரி ஏற்றி வை, 2-க்கு வரும்வரை காத்திருக்காதே.

திறந்து பயன்படுத்துகிற குப்பி ஃப்ரிட்ஜிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. பொதுவாக 25 அல்லது 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம், அப்பாவின் மருந்துத் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்று. அதற்குத் தண்ணீரில் நனைத்து வைக்கும் துணிப் பை ஒன்று என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். உள்ளே இருக்கும் மணிகள் தண்ணீரை உறிஞ்சி, அது மெல்ல ஆவியாகும்போது குளிர்ச்சி தரும், நம் வீட்டு மண்பானை மாதிரிதான். பாலைவனத்தின் காய்ந்த காற்றில் இன்னும் நன்றாக வேலை செய்யும். காற்றுப் படும்படி அப்பாவின் கைப்பையில், அவரோடு இருக்கட்டும். வண்டியிலேயே விட்டுவிட்டு நடக்கப் போகக் கூடாது, ஃப்ரிட்ஜுக்குள்ளும் அதை வைக்கக் கூடாது. இப்படி மருந்து இரண்டு இடத்தில் இருந்தால் பெட்டியே முழுதாக நின்றுபோனாலும் அப்பாவின் கையில் ஒரு குப்பி இருக்கும்.

மருந்துக்கு மட்டும் தனியாக ஒரு மலிவான எலக்ட்ரிக் கூலர் வாங்கட்டுமா என்றும் கேட்டிருந்தாய். கம்ப்ரஸர் இல்லாத அந்த வகை, வெளியே இருப்பதைவிட ஏறக்குறைய 20 டிகிரிதான் குறைக்கும். 40 டிகிரி வண்டிக்குள் 20. குளிர்ந்த இரவில் அணைக்க மறந்தால் உறைநிலைக்கே போகலாம். அந்தப் பணத்தை வயருக்குப் போடு.

பள்ளி விடுமுறைக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. இந்த வாரமே எலக்ட்ரீஷியனிடம் நேரம் வாங்கு, விடுமுறை நெருங்கினால் கிடைக்காது. வயரை மாற்றிய பிறகு, தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, மூன்று நாள் வண்டியிலேயே ஓடவிட்டு, பாட்டிலின் குறைந்தபட்ச, அதிகபட்ச எண்களை எனக்கு அனுப்பு. டிஸ்ப்ளேயின் படம் வேண்டாம். அந்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவின் மருந்தை அந்தப் பெட்டியில் வைக்கலாமா என்று சொல்வேன்.

அன்புடன்,
அக்கா